பச்சையம்மாளுக்கு டென்மார்க்கிலிருந்து வந்த ஸ்வெட்டர்

1

இதை எழுதலாம் என்று பேனாவை எடுப்பதும், சாமி விஷயமாச்சே என்று மூடி வைப்பதுமாகப் பல வருஷம் போய்விட்டது. படிக்கிறவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயம். சிரித்தால் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள்? எங்கள் மலை ஜனங்களையா, எனக்குச் சோறு போடுகிற தர்ம ஸ்தாபனத்தையா, இல்லை பச்சையம்மாளையேவா? யாரைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்கு மனசு தாங்காது. நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் எங்கள் ஸ்தாபனத்துக்கு ஆண்டு விழா. உலகத்தில் எங்கே வெள்ளம், பூகம்பம், சண்டை என்றாலும் சாமான் அனுப்புகிற ஸ்தாபனம் இது. டென்மார்க்கில் ஆர்ஹூஸ் என்ற துறைமுக ஊரில் இதற்குப் பெரிய கிடங்கு இருக்கிறது. அதில்தான் எனக்கு வேலை. விழாவுக்காகக் கிடங்குச் சுவரில் பழைய போட்டோக்களை மாட்டினார்கள். அதில் ஒன்றைப் பார்த்து நான் தூக்கிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். கூரை சரிந்த ஒரு சின்ன மண் குடில். முன்னால் ஒரு வேப்பமரம். கீழே டேனிஷ் மொழியில், "ஆதரவற்ற மூதாட்டியின் வீடு, தென்னிந்தியா" என்று போட்டிருந்தது.

புதிதாகச் சேர்ந்த போலந்துக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோவிந்தன், இது உன் ஊர்ப் பக்கமா?"

"ஆமாம்."

"பாவம், அந்த அம்மா இப்போ இருக்காங்களா?"

"இருக்காங்க."

"இவ்வளவு பழைய போட்டோ ஆச்சே, அந்தக் கிழவி இன்னுமா இருக்காங்க? வயசு என்ன?"

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அன்றைக்கு முடிவு செய்தேன். இனியும் எழுதாமல் இருந்தால் ஆளுக்கொன்றாகக் கதை கட்டிவிடுவார்கள்.

2

எனக்குச் சொந்த ஊர் கல்வராயன்மலை அடிவாரத்தில், சங்கராபுரத்துக்குப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. பள்ளிக்கூடத்தில் மதியம் மஞ்சளாக ஒரு உப்புமா போடுவார்கள். மாவும் எண்ணெயும் கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். எண்ணெய் டின்னில் இரண்டு கை குலுக்கிக்கொள்கிற படம் இருக்கும். ஒரு கை அவர்களுடையது, ஒரு கை நம்முடையது என்றார் வாத்தியார். எந்தக் கை நம்முடையது என்று பையன்களுக்குள் பெரிய சண்டை. இடது பக்கம்தான் நம் கை என்று அடித்துப் பேசி ஒருத்தனுக்கு உதடு கிழிந்தது. காலி டின் யாருக்கு என்று அதைவிடப் பெரிய சண்டை பெரியவர்களுக்குள் நடக்கும். எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கதவு அந்த டின்னை வெட்டித் தட்டியதுதான். கதவைத் திறந்தால் கை குலுக்கலும் கூடவே திறக்கும்.

அந்த மாதிரி சாமான் அனுப்புகிற எங்கள் ஸ்தாபனம் எப்படி ஆரம்பித்தது என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். உலக யுத்தம் முடிந்த சமயம், தோற்ற நாட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்களே என்று இங்கே சில பெண்கள் வீட்டில் சூப் காய்ச்சி அனுப்பினார்களாம். எதிரி பிள்ளைக்குச் சோறா என்று ஜனங்கள் அவர்களைத் திட்டினார்களாம். பிறகு அந்த நாடுகள் நிமிர்ந்துவிட்டன. பால் பவுடர் மிச்சமிருந்தது. பசி எங்கள் பக்கம் இருந்தது. கப்பல் திரும்பியது. முதலில் பவுடர், பிறகு கிணறு, பிறகு ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தை ஏற்றுக்கொள்வது. இப்போது எல்லாம் பெட்டிதான். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி. உள்ளே போர்வை, குடம், சோப்பு, பாத்திரம். ரேடியோவில் எங்கோ பூமி நடுங்கியது என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரியும் கிடங்கில் வேலை இருக்கும் என்று என் மனைவி சரோஜா இரண்டு வேளைச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துவிடுவாள்.

இங்கே வாழ்க்கை சௌகரியம்தான். சாமி கும்பிடுவதுதான் கஷ்டம். வந்த புதிதில் வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றினேன். கூரையில் இருந்த புகைப் பெட்டி கத்த ஆரம்பித்தது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு நாலு பேர் தீயணைப்பு வண்டியில் வந்து இறங்கினார்கள். தீபாராதனைத் தட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் என் தோளைத் தட்டி, "அது அணைந்துவிட்டது, பயப்படாதே" என்றார். சரோஜா எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள். அதற்குப் பிறகு வீட்டு நிர்வாகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அதனால் இப்போது பால்கனியில் ஏற்றுகிறேன். பனி பெய்தால் குடை பிடித்துக்கொண்டு ஏற்றுவேன். எதிர் வீட்டுக்காரர் நான் சிகரெட் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, விட்டுவிடும்படி புத்தி சொல்கிறார்.

எங்கள் ஒரே மகள் கவிதா இங்கேயே வளர்ந்தவள். சாமி அலமாரியை "அப்பாவோட ஷெல்ஃப்" என்பாள். திருநீறு வைத்துவிட்டால் பஸ் ஏறுவதற்குள் துடைத்துவிடுவாள். நல்ல பிள்ளைதான். ஆனால் நான் சாமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், வேற்று ஊர்க்காரர் வழி சொல்வதைக் கேட்பது மாதிரி மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நிற்பாள்.

3

நான் முதலில் ஊரில் இந்த ஸ்தாபனத்துக்கு ஜீப் டிரைவர். மலையில் தொடர்ந்து மழை இல்லாமல் போன சமயம் அது. சாமை, வரகு எதுவும் வீடு வந்து சேரவில்லை. வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற மலையூர்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போவேன். எங்களுக்கு சூப்பர்வைசர் தனகோடி சார். கள்ளக்குறிச்சிக்காரர். சட்டையில் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்று எழுதாது.

சில சமயம் வேறு தேசத்துக்குப் போக வேண்டிய சாமான் எங்களுக்கு வந்துவிடும். ஒரு முறை ஒரு மலையூருக்கு மூட்டை மூட்டையாக, காது மூடுகிற ரோமக் குல்லாய் வந்தது. திருப்பி அனுப்பலாம் என்று சார் யோசிப்பதற்குள் ஊர் ஜனங்கள் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு, காட்டுப் பன்றிக்குக் காவல் இருக்கப் போய்விட்டார்கள். "குளுருக்கு நல்லா கீதுங்க, இன்னா ஒண்ணு, பன்னி வர்ற சத்தந்தான் காதுல விழ மாட்டேங்குது" என்றார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் முதல் பங்கு எல்லைக் காவல் தெய்வம் பச்சையம்மாளுக்கு. முதல் கதிர், முதல் தேன் எல்லாம் அவளுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். குல்லாயிலும் முதல் குல்லாய் அவள் தலையில்தான் ஏறியது.

அப்போதுதான் புதுத் திட்டம் வந்தது. ஊருக்கு ஒரு ஆதரவற்றவர் பெயரைக் கொடுத்தால் டென்மார்க்கில் ஒரு குடும்பம் அவரை ஏற்றுக்கொள்ளும். மாதா மாதம் அரிசி, எண்ணெய், துணி வரும். தனகோடி சார் வேப்பமரத்தடியில் ஊரைக் கூட்டினார்.

"உங்க ஊர்லயே ரொம்ப இல்லாதவங்க, கேக்க நாதி இல்லாதவங்க, ஒருத்தர் பேரு சொல்லுங்க."

கடைசியில் குப்பம்மா என்ற பெண் எழுந்தாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும்.

"இன்னாங்க இது, ஒருத்தருக்குன்னா? மத்தவங்க வாயப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்கிறதா?"

"ரூல் அப்படிம்மா. உன் பேர வேணா எழுதிக்கட்டுமா?"

"நாதி இல்லாதவன்னு என் பேர எழுதுவியா? அப்ப என் புள்ளைங்க எனக்கு இன்னா ஆவணும்? செத்தா போயிட்டானுங்க?"

தனியாக இருந்த ஒரு கிழவரைக் காட்டினார் சார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தனியாதான் கீறேன். நாதி இல்லன்னு எவன் சொன்னது? இந்த ஊரே எனக்குக் கஞ்சி ஊத்துது. ஊர அவமானப்படுத்தாத சாரே."

பெயர் கொடுக்காவிட்டால் ஊருக்கே சாமான் வராது என்றார் சார். எல்லாரும் பசித்த வயிற்றோடு யோசித்தார்கள். பூசாரி சடையன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"தனியா இருக்கணும். நெலம் புலம் இருக்கக் கூடாது. வூடு இடிஞ்சி இருக்கணும். புருசன், புள்ள இருக்கக் கூடாது. அதானங்க?"

"ஆமாப்பா."

"அப்படிப் பாத்தா எங்க ஊர்ல ஒருத்திதாங்க கீறா."

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. குப்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போன காற்றில் கூரை சரிந்த பச்சையம்மாள் கோயில் அங்கே இருந்தது.

"சாமியப் போட முடியாதுய்யா!" என்றார் சார்.

"ஏங்க? அவ யாரு வூட்லயாவது வேலைக்குப் போயி வாங்கித் துன்றாளா? அவளுக்கு வந்தா அது எங்க எல்லாருக்கும் வந்த மாரிங்க. ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்கத் தேவயில்ல."

யாரையும் ஏமாற்றுவதாக அவர்கள் நினைக்கவில்லை. அவர்கள் வழக்கப்படி முதல் பங்குக்காரி அவள்தான். சார் எனக்கு எதிரிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"வயசு?"

"எங்க பாட்டன் பொறக்கச் சொல்லவே இருந்தாங்க."

எழுபதுக்கு மேல் என்று எழுதிக்கொண்டார்.

"உடம்பு எப்படி?"

"கை கால் கெடயாது. தல, மாரு, அவ்ளோதான். குந்துன எடத்துலயே இருப்பா."

பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினார்.

"சாப்பாடு?"

"செவ்வா வெள்ளி வெச்சா எடுத்துக்குவா. வெக்கலன்னாலும் கேக்க மாட்டா."

"தொழில் ஏதாவது?"

"ஊருக்குக் காவல் இருக்கிறா."

"குணம்?"

"தங்கம்ங்க. வெயிலு ஜாஸ்தியானாதான் கொஞ்சம் கோவம் வரும்."

போட்டோ வேண்டும் என்றார். மூலஸ்தானத்தைப் படம் எடுக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அதனால் கோயிலை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு, "ஊர் வழக்கப்படி இந்த அம்மையாரைப் படம் எடுக்க அனுமதி இல்லை" என்று எழுதினார். மலையிலிருந்து இறங்கும்போது மூன்றாவது வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

"ஏம்ப்பா கோவிந்தா, நான் ஒண்ணும் பொய்யி எழுதலியே?"

"இல்லீங்க சார். எல்லாம் நெஜந்தாங்க."

"அப்பறம் ஏம்ப்பா எனக்கு இப்படி வேர்க்குது?"

சாமான் தவறாமல் வந்தது. வந்த அரிசியைக் கோயில் வாசலிலேயே பொங்கி, அவளுக்குப் படைத்து, பிள்ளைகளுக்கு முதலிலும் மற்றவர்களுக்குப் பிறகும் போடுவார்கள். நானும் வாழை இலையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கெட்ட வருஷத்தில் அந்த ஊரில் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை.

அரிசியோடு வருஷத்துக்கு ஒரு ஸ்வெட்டர் வரும். ஏற்றுக்கொண்ட அம்மாள் தன் கையாலேயே பின்னியது. முதல் ஸ்வெட்டரைப் பிரித்துப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம். கையே இல்லை. முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து பித்தான் வைத்திருந்தது. சடையன் அழுதுவிட்டார்.

"பாருப்பா, எங்கியோ கெடக்கிற மகராசி! நம்ம அம்மாவுக்குக் கிரீடத்த எடுக்காம தல வழியா மாட்ட முடியாதுன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

மார்கழியில் அங்கே பனி ஜாஸ்தி. நீலக் கம்பளியில் வெள்ளைப் பூப் போட்ட ஸ்வெட்டரில், மேலே எலுமிச்சை மாலையோடு பச்சையம்மாள் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். பக்கத்து ஊர்களிலிருந்து ஜனம் வந்தது. பிள்ளைக்கு இழுப்பு நின்றால் ஸ்வெட்டர் சாத்துவதாக வேண்டிக்கொண்டார்கள். சங்கராபுரத்தில் ஒரு துணிக்கடைக்காரர், கை வைக்காத ஸ்வெட்டர் கேட்டு ஜனங்கள் ஏன் வருகிறார்கள் என்று புரியாமல், இருந்த ஸ்வெட்டருக்கெல்லாம் கையை வெட்டி வைத்தார்.

கிணறு தோண்ட வந்த டேனிஷ் இன்ஜினியருக்கு நான் மலைப்பாதையில் சாமான் சரியாமல் கயிறு கட்டுகிற விதம் பிடித்துவிட்டது. அவர் மூலமாகத்தான் ஆர்ஹூஸ் வந்தேன். பச்சையம்மாள் கொடுத்த வழி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

4

பல வருஷம் கழித்து ஒரு நாள் கிடங்கிலிருந்து என்னை மாடி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மெட்டே என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்தது கிடங்கு டேனிஷ். தூக்கு, இறக்கு, ஜாக்கிரதை, நனைந்துவிட்டது. இந்த நாலு வார்த்தையில் முக்கால் வாழ்க்கை ஓடிவிடும். அவள் கேட்டது அந்த நாலில் இல்லை. அதனால் கவிதாவை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

ஏற்றுக்கொள்கிற திட்டத்தை மூடப் போகிறார்களாம். எல்லாருக்கும் கணக்கு முடித்தாகிவிட்டது. பச்சையம்மாள் மட்டும்தான் பாக்கி. அவள் வயது கம்ப்யூட்டரில் நூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. முடிப்பதற்கு ஏதாவது ஒரு காரணத்தைத் தொட வேண்டும். இறந்துவிட்டார், இடம் மாறிவிட்டார், சொந்த முயற்சியில் வாழ்கிறார் என்று மூன்றே காரணம்தான் இருந்தது.

"இறந்துட்டாங்களான்னு கேக்கிறாங்க அப்பா."

"ஐயோ, வாயக் கழுவச் சொல்லு! அவ நம்ம ஊரு பச்சையம்மா."

"பச்சையம்மான்னா... உங்க ஷெல்ஃப்ல இருக்காங்களே, அவங்களா?" என்று கேட்டாள் கவிதா. பிறகு மெட்டேயிடம் என்னவோ சொன்னாள். மெட்டே என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இன்னா சொன்ன?"

"அவங்க வேலையே சாமிதான்னு சொன்னேன்."

மெட்டே நல்ல பெண். கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சொந்த முயற்சியில் வாழ்கிறார்" என்பதைத் தொட்டாள். அவ்வளவுதான், கம்ப்யூட்டருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

ஆனால் ஆள் ஒருத்தர் பாக்கி இருந்தார். ஸ்வெட்டர் பின்னுகிற இங்கர் அம்மாள். வயது தொண்ணூறு. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். திட்டம் மூடுகிறது என்று கேட்டதிலிருந்து சாப்பிடுவதில்லையாம். தான் போன பிறகு கை கால் இல்லாத அந்தப் பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரே கேள்வியாம். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துக்காரன் நீதானே, போய் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றாள் மெட்டே.

என்ன சொல்வது? அது சாமி என்று சொன்னால் கிழவிக்கு மனசு உடைந்துவிடும். ஒரு மனுஷி என்று சொன்னால் பச்சையம்மாளை நான் மறுத்துப் பேசினதாகும். சரோஜாவிடம் கேட்டேன்.

"நல்லா பாத்துக்கறாங்கன்னு சொல்லிட்டு வாங்க. பாத்துக்கினுதான கீறாங்க?" என்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமை நானும் கவிதாவும் போனோம். இங்கர் அம்மாள் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சின்ன உருவம். மடியில் சிவப்புக் கம்பளி. அந்த வருஷத்து ஸ்வெட்டர் பாதி முடிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"அப்பா, நீங்க சொல்றத அப்படியே சொல்லணுமா, கொஞ்சம் மடிச்சுச் சொல்லணுமா?" என்று கேட்டாள் கவிதா.

"அப்படியே சொல்லு. மடிச்சா நமக்கே அப்பறம் பிரிக்கத் தெரியாது."

இங்கர் அம்மாள் ஆரம்பித்தார். "பித்தானை முதுகில் வைத்தேனே, சரியாக இருந்ததா? கை இல்லாதவருக்கு மற்றவர்கள் உடுத்திவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கடைசி காலத்தில் என் அம்மா அப்படித்தான் இருந்தாள்."

"ரொம்ப சரியா இருந்துதும்மா. எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க."

"அவரை யார் குளிப்பாட்டுகிறார்கள்?"

"பூசாரி குடும்பம். வெள்ளிக்கெழம மஞ்சத் தண்ணி, விசேஷ நாள்ல பாலு, தேனு, எளநி எல்லாத்துலயும் குளிப்பாட்டுவாங்க."

கவிதா சொன்னதும் அந்த அம்மாள் கண்ணை விரித்தார். "பாலிலா? இங்கே எனக்கு வெறும் தண்ணீரில் வாரத்துக்கு இரண்டு நாள்தான். அதுவும் அவசரம் அவசரமாக."

"யாராவது வந்து பார்க்கிறார்களா?" என்று மறுபடி கேட்டார்.

"செவ்வா வெள்ளி கூட்டம்மா. ஆடி மாசம் மலையே வரும்."

"வெளியே அழைத்துப் போவார்களா?"

"தோள்ல தூக்கிக்கினு ஊரு முழுக்கச் சுத்துவாங்க. மேளம், பம்பை எல்லாம் உண்டு. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நிறுத்தி, கால்ல... இல்ல, முன்னாடி தண்ணி ஊத்துவாங்க."

இங்கர் அம்மாள் பின்னலைக் கீழே வைத்துவிட்டார். கை கால் இல்லாத ஒரு கிழவியை மேளத்தோடு தோளில் தூக்கிச் சுற்றுகிற ஊர் உலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். "என்னை இந்த வருஷம் தோட்டத்துக்குக் கூட ஒரு தரம்தான் கொண்டுபோனார்கள்" என்றார். நான் ஆறுதல் சொல்ல வந்த இடத்தில், உண்மையைச் சொல்லியே அவரை அழவைத்துவிட்டேன்.

கவிதா என் கையைத் தொட்டாள். "அப்பா, சொல்லிடுங்க. இவங்க பச்சையம்மாவ ஒரு ஆளுன்னு நெனச்சு அழறாங்க. இது சரியில்ல."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல மனசு வரவில்லை. "அம்மா, பச்சையம்மா எங்க சாமி. ஊரக் காக்கிற தெய்வம். ஊர்ல இல்லாதவங்க யாருன்னு கேட்டாங்க. யாரும் யாரையும் காட்டிக் குடுக்கல. அவ பேரச் சொன்னாங்க. நீங்க அனுப்புன அரிசிய அவளுக்குப் படைச்சிட்டு ஊரே துன்னுச்சி. புள்ளைங்களுக்கு மொத பந்தி. நானும் துன்னேன்."

கவிதா மடிக்காமல் சொன்னாள். நல்லாச் சொன்னாள். இங்கர் அம்மாள் அவளை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "தெய்வமா? எந்த அளவுக்கு?" என்று கேட்டார்.

"முழுசா" என்றேன்.

"கல்லா?"

எனக்குச் சுருக்கென்றது. "கல்லுலதான் இருக்கா. கல்லு இல்ல."

அவர் முகம் சிவந்தது. நர்ஸைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். "இத்தனை வருஷமாக," என்றார், "ஒவ்வொரு சாயந்திரமும் நான் அவளுக்காகப் பிரார்த்தனை செய்திருக்கிறேன். வலி வரக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது, யாராவது அன்பாகப் பேச வேண்டும் என்று. ஒரு நாள் விட்டதில்லை. கடைசியில் ஒரு தெய்வத்துக்காகவா இன்னொரு தெய்வத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன்?"

கவிதா அதைத் தமிழில் சொன்னாள். நான் பிறந்ததிலிருந்து பச்சையம்மாள் மாதிரி எத்தனையோ தெய்வத்திடம் போய் நின்றிருக்கிறேன். மழை கேட்டிருக்கிறேன், வேலை கேட்டிருக்கிறேன், விசா கேட்டிருக்கிறேன், பிள்ளை பாஸாக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மலை ஜனம் அத்தனையும் கேட்கத்தான் போகிறது. வலிக்கிறதா, தனியாக இருக்கிறாயா என்று அவளுக்காக ஒருத்தரும் கேட்டதில்லை.

"அம்மா," என்றேன், "அவளுக்காக சாமி கும்புட்டவங்க இந்த ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

கவிதா சொன்னாள். இங்கர் அம்மாள் கீழே வைத்திருந்த பின்னலை எடுத்தார். விட்ட இடத்திலிருந்து கண்ணி எண்ணி மறுபடி பின்ன ஆரம்பித்தார்.

"அங்கே குளிர் உண்டா இல்லையா?"

"மார்கழியில ஜாஸ்திம்மா."

"அப்படியானால் ஸ்வெட்டர் வேண்டும்தானே. தெய்வமாக இருந்தால் குளிராதா?" கொஞ்ச நேரம் கழித்து அதே பழைய கேள்வியைக் கேட்டார். ஆனால் இப்போது அது வேறு கேள்வி. "நான் போன பிறகு அவளுக்காக யார் பிரார்த்தனை செய்வார்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கவிதா டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டாள். இங்கர் அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டினார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டார் என்று மெட்டே பிறகு சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது, "இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"நாங்க பண்றோம்னு சொன்னேன். சும்மா சொல்லல அப்பா. ஆனா எப்படிப் பண்றதுன்னு தெரியல. யார்கிட்ட கேக்கிறது?"



6

சிவப்பு ஸ்வெட்டரை அடுத்த மார்கழிக்குள் நானே அந்த மலையூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். சடையன் மகன்தான் இப்போது பூசாரி. விஷயத்தைச் சொன்னதும் குப்பம்மா, பல் எல்லாம் போன வாயோடு, "நம்ம அம்மாவுக்கு வலிக்குதான்னு நாம கேட்டதே இல்லியேடா" என்று சொல்லிவிட்டுச் சந்நிதியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எதையும் கேட்கவில்லை. சும்மா பேச்சுத் துணைக்கு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் சாயந்திர பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நான் இறங்கிவிட்டேன்.

இங்கர் அம்மாள் அதற்கடுத்த கோடையில் இறந்துபோனார். அடக்கத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். கவிதா இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். திருநீறு வைப்பதில்லை. கோயில் என்றால் இப்போதும் கேட்டுக்கொண்டு தலையாட்டுவாள். ஆனால் சாயந்திரம் போன் பேசி முடிக்கும்போது, "அப்பா, இன்னைக்குக் கேட்டீங்களா?" என்பாள். "கேட்டேம்மா, நீ?" என்பேன். "கேட்டேன்" என்பாள். யாரிடம் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. பால்கனியில் நின்று கண்ணை மூடி, எனக்கென்று எதுவும் கேட்காமல், அவளுக்கு வலி இருக்கக் கூடாது, அவள் தனியாக இருக்கக் கூடாது என்று சொல்கிறேன். மேலே யார் இருக்கிறார்களோ அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் கல்வராயன்மலைப் பக்கம் யாரிடமாவது சொன்னால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். மலை ஜனம் வெளிநாட்டுக்காரியை ஏமாற்றினார்கள் என்று சொல்ல வேண்டாம். வெளிநாட்டுக்காரி நம் சாமியை அனாதை என்றாள் என்றும் சொல்ல வேண்டாம். இங்கர் அம்மாளுக்குக் கனவில் பச்சையம்மாள் காட்சி கொடுத்தாள் என்று சேர்த்துவிடவும் வேண்டாம், கொடுக்கவில்லை. அந்த அம்மாள் கேட்டார், பின்னினார், இறந்தார். அதை அப்படியே சொன்னால் போதும்.